கதையில் வரும் பேய்க்குக் கை ஏன் வியர்க்கிறது?

இரவு மணி பதினொன்று. சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீடு. எல்லோரும் உறங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் ஒரு பேய்க்கதைப் புத்தகத்துடன் விழித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கிறது. அடுக்களையில் பானை நிறையத் தண்ணீர் இருக்கிறது. நடந்தால் பத்தடி. ஆனாலும் எழுந்து போகத் தயங்குகிறீர்கள். கொல்லைப்புறக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்க்கிறீர்கள். புத்தகத்தைப் பிடித்திருந்த விரல்களின் ஈரம் அட்டையில் படிந்திருக்கிறது.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

உங்கள் கையில் இருப்பது என்னவென்று பாருங்கள். மரக்கூழிலிருந்து செய்த தாள். அதன்மேல் கொஞ்சம் கறுப்பு மை. விளக்கின் ஒளி வெள்ளைப் பகுதியில் பட்டுச் சிதறுகிறது. எழுத்துள்ள இடத்தில் உறிஞ்சப்படுகிறது. கண்ணுக்கு வந்து சேர்வது இந்த வெளிச்ச வேறுபாடு மட்டுமே. புலிக்கு நகம் உண்டு. பாம்புக்கு நஞ்சு உண்டு. தாளுக்கு என்ன உண்டு? மேலும், கதையை எழுதியவர் இன்னார், அவர் கற்பனை செய்து எழுதினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். பொய் என்று தெரிந்த ஒன்று எப்படி அச்சுறுத்த முடியும்?

அமெரிக்கத் தத்துவ அறிஞர் கெண்டல் வால்டன் 1978-ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வினாவுக்குத் துணிவாக விடை சொன்னார். திகில் படம் பார்ப்பவனுக்கு நாடி துடிக்கலாம், தசைகள் இறுகலாம். ஆனால் அவன் இருக்கையை விட்டு எழுந்து ஓடுவதில்லை, காவலரைக் கூப்பிடுவதில்லை. ஆகவே அவனுக்கு ஏற்படுவது அச்சம் போன்ற ஒன்றே தவிர, உண்மையான அச்சமன்று என்றார் அவர். இதை மறுத்தவர்களும் பலர். வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இயற்பியல் படித்தவர்களுக்கு இத்தகைய வாதங்களைக் கேட்டதும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்றுதான்: இதை அளந்து பார்க்க முடியுமா? முடியும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த விவரத்துக்குப் போகுமுன், நம் முன்னோர் இதைப் பற்றி என்ன கருதினார்கள் என்பதைச் சற்றுக் காண்போம்.

தொல்காப்பியர் வகுத்த நான்கு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. இவற்றுள் அச்சம் நான்கு காரணங்களால் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் ஆகியோரே அந்நான்கு. இன்றைய திகில் கதைகளை எடுத்துப் பாருங்கள். பேய், கொடிய மிருகம், கொலைகாரன், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் பெரிய மனிதர் என்று பெரும்பாலும் இந்த நான்கிலேயே அடங்கிவிடும்.

'மெய்ப்பாடு' என்ற சொல்லே நமக்கு ஒரு குறிப்பைத் தருகிறது. மெய் என்பது உடம்பு. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. மயிர் சிலிர்த்தல், வியர்த்தல், நடுங்குதல் முதலியவற்றைப் பழைய உரையாசிரியர்கள் இதன் அடையாளங்களாகக் கூறுகிறார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. இளம்பூரணர் தம் உரையில் செயிற்றியம் என்ற பழைய நூலை மேற்கோள் காட்டுகிறார். உணர்ச்சிக்கு ஆளானவனிடம் நிகழ்வது, அவனைக் காண்பவர்களையும் சென்று சேர்வதுதான் மெய்ப்பாடு என்று அந்நூல் இலக்கணம் சொல்கிறது. புலியைக் கண்டு நடுங்குபவன் ஒருவன். அவனைப் பார்த்து நடுங்குபவன் இன்னொருவன். இரண்டாமவனைப் பற்றியும் நம் இலக்கண நூலார் சிந்தித்திருக்கிறார்கள். நாம் இப்போது கேட்கும் வினாவும் அந்த இரண்டாமவனைப் பற்றியதே.

அச்சம் உடம்பில் செய்வது என்ன?

மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவனின் கதை வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டின் பக்கம் அவன் தனியே போகிறான். அங்கே பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேய் ஒன்றைக் காண்கிறான். நடுநடுங்கி வீட்டுக்கு ஓடி வந்து, தாய் கோதமையிடம் நடந்ததைச் சொல்லி உயிரை விடுகிறான். பேய் அவனைத் தொடவில்லை. அச்சமே அவனைக் கொன்றது.

இது காப்பியப் புலவரின் கற்பனைதான். எனினும், அச்சம் உடம்பை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதை அறிவியலாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில், ஆபத்தைக் கண்ட விலங்கின் உடம்பு போரிடவோ ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை விளக்கினார். சூனியம் வைக்கப்பட்டதாக நம்பியவர்கள் இறந்துபோவதைப் பற்றி அவரே 1942-இல் தனிக் கட்டுரை எழுதினார். பெரும் அதிர்ச்சியால் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகப் பலூன்போல் உப்பிப் பலவீனமடையும் ஒரு நோயை 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தனர். உப்பிய இதயத்தின் வடிவம் ஜப்பானில் சாக்குக்கணவாய் என்னும் கடலுயிரியைப் பிடிக்கும் பானையைப்போல் இருந்ததால், அந்தப் பானையின் பெயரையே நோய்க்கு இட்டு 'டாக்கோட்சுபோ' என்றார்கள்.

சாதாரண அச்சத்தின்போது நிகழ்வது இதுதான். மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பு வடிவில் இரு பக்கமும் 'அமிக்டலா' என்ற பகுதி உண்டு. ஆபத்தின் அறிகுறி கிடைத்ததும் இது விழித்துக்கொள்கிறது. பரிவு நரம்பு மண்டலம் வேலை செய்யத் தொடங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அண்ணீரகச் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது. கண்ணின் பாவை விரிகிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் வியர்க்கின்றன.

இந்தக் கடைசி அடையாளம்தான் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது.

தோல் என்னும் மின்தடை

நம் உடம்பில் இருபது இலட்சம் முதல் நாற்பது இலட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வயிறு, முதுகு போன்ற இடங்களில் உள்ளவை முக்கியமாக வெப்பத்துக்கு வேலை செய்பவை. உள்ளங்கையில் நெருக்கமாக அமைந்தவை மன எழுச்சிக்கு வெகு விரைவாக இசைந்து கொடுப்பவை. தேர்வு மண்டபத்தில் விசிறி சுழன்றாலும் வினாத்தாளை வாங்கும் கை பிசுபிசுப்பது இதனால்தான்.

வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். வியர்வை தோலின் மேற்பரப்புக்கு வருமுன்னரே, சுரப்பியின் நுண்குழாயில் ஏறத் தொடங்கும்போதே, தோலின் மின்தடை குறையத் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்கு ஈரம் தெரியாத நிலையிலும் கருவிக்குத் தெரிந்துவிடும். பிரெஞ்சு மருத்துவர் ஃபெரே 1888-ஆம் ஆண்டிலேயே இவ்வகை மாறுதலைக் கண்டறிந்தார்.

கணக்கு எளியது. உங்கள் இரு விரல்களுக்கிடையே மின்தடை 5 இலட்சம் ஓம் என்றால், மின்கடத்து திறன் அதன் தலைகீழ். அதாவது 2 மைக்ரோ சீமென்ஸ். அச்சத்தால் மின்தடை 4 இலட்சம் ஓம்களாகக் குறைந்தால், கடத்து திறன் 2.5 மைக்ரோ சீமென்ஸாக உயரும். இந்த ஏற்றம், தூண்டல் ஏற்பட்ட ஒன்று முதல் மூன்று விநாடிகளுக்குள் தொடங்கிவிடும். வாய் பொய் சொல்லலாம். 'எனக்கெல்லாம் பயமில்லை' என்று மீசையை முறுக்கலாம். வியர்வைச் சுரப்பிகளை அவ்வளவு எளிதில் அடக்க முடியாது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தக் கருவி காட்டுவது மன எழுச்சியின் அளவை மட்டுமே. அது அச்சமா, சிரிப்பா, கோபமா என்று கருவி பிரித்துச் சொல்லாது. எனவே ஆராய்ச்சியாளர்கள் எதைப் படிக்கக் கொடுக்கிறார்கள், எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இருட்டறையில் ஒரு சோதனை

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஒரு சோதனை 2021-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மொத்தம் 46 பேர் அதில் பங்கு கொண்டனர். அவர்களுள் 24 பேர் நம்மில் பெரும்பாலோரைப் போன்றவர்கள். 'மாம்பழம்' என்றதும் அவர்கள் மனக்கண்ணில் ஒரு மாம்பழம் தோன்றும். மீதி 22 பேர் அப்படியல்லர். மாம்பழம் என்றால் என்ன என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதன் நிறத்தையும் சுவையையும் சொல்லுவார்கள். ஆனால் கண்ணை மூடினால் மனத்தில் படம் ஏதும் தோன்றாது. இந்த நிலைக்கு 2015-ஆம் ஆண்டில் ஆங்கில நரம்பியல் அறிஞர் ஆடம் ஸீமன் 'அஃபான்டேசியா' என்று பெயர் சூட்டினார். இதை நாம் மனப்படமின்மை எனலாம். இது நோயன்று. நூற்றுக்குச் சிலரிடம் காணப்படும் ஓர் இயல்பு.

இவர்களை ஒவ்வொருவராக இருட்டறையில் உட்கார வைத்து, விரல்களில் மின்வாய்களைப் பொருத்தினார்கள். திரையில் ஒரு கதை வரி வரியாகத் தோன்றியது. நீங்கள் கடலில் இருக்கிறீர்கள் என்பது போலச் சாதாரணமாகத் தொடங்கி, சுறாமீன் துரத்துவது, மலை முகட்டிலிருந்து விழுவது, விமானம் நொறுங்கப்போவது என்று கதைகள் வளர்ந்தன. படமில்லை, ஒலியில்லை. எழுத்துகள் மட்டுமே.

மனப்படம் உள்ளவர்களின் தோல் கடத்து திறன் கதை வளர வளர ஏறிக்கொண்டே போயிற்று. மனப்படம் இல்லாதவர்களின் கோடோ ஏறக்குறையத் தட்டையாகவே கிடந்தது.

அப்படியானால் இந்த இரண்டாவது கூட்டத்தார் இயல்பிலேயே அச்சம் குறைந்தவர்களோ? ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்த ஐயம் எழுந்தது. அடுத்தபடியாக எழுத்துக்குப் பதில் அச்சந்தரும் படங்களைத் திரையில் காட்டினார்கள். இப்போது இரு கூட்டத்தாரின் கோடுகளும் ஒன்றுபோல் ஏறின!

இந்த முடிவைச் சற்று நின்று யோசியுங்கள். இரு கூட்டத்தாரும் ஒரே சொற்களைத்தான் படித்தார்கள். பொருள் இருவருக்கும் விளங்கிற்று. கட்டுக்கதை என்பதும் இருவருக்கும் தெரியும். வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒருவர் அதை உள்ளே 'பார்த்தார்', மற்றவர் பார்க்கவில்லை. சொற்கள் நேராக அச்சத்தைத் தருவதில்லை. அவை வாசகரின் மனத்தில் ஒரு படத்தை எழுப்புகின்றன. உடம்பு அந்தப் படத்துக்கு அஞ்சுகிறது. எழுத்தாளர் தருவது மின்சுற்றின் வரைபடத்தை மட்டுமே. மின்கலம் வாசகருடையது.

அச்சத்தின் உறுப்பே பழுதுபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அரிய நோய் ஒன்றினால் இரு பக்கத்து அமிக்டலாவும் அழிந்துபோன ஓர் அமெரிக்கப் பெண்மணியை அறிஞர்கள் ஆராய்ந்து 2011-இல் அறிக்கை வெளியிட்டார்கள். பாம்புகளைக் காட்டினார்கள். பேய் வீடு போல் அமைத்த பழைய கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். அவர் எதற்கும் அஞ்சவில்லை. ஆனால் நகைச்சுவைக் காட்சிகளுக்குச் சிரித்தார். சோகக் காட்சிகளுக்கு வருந்தினார். உண்மைப் பாம்புக்கும் படத்துப் பேய்க்கும் அச்சம் ஒரே பட்டறையில்தான் உருவாகிறது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

எழுத்தாளர்களின் உத்தி

நல்ல திகில் எழுத்தாளர்கள் இந்த இரகசியத்தை ஆய்வகத்துக்குப் போகாமலே அறிந்திருந்தார்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' 1943-இல் வெளிவந்த சிறுகதை. அதில் எலும்புக்கூடு வந்து கூத்தாடுவதில்லை. நம் வீட்டைப் போன்ற வீடு, கணவன், மனைவி, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், இரவில் வரும் ஒரு வாடை. அவள் யார் என்று கதை அறுதியிட்டுச் சொல்வதுமில்லை. இடம் நமக்குப் பழக்கமானதாக இருப்பதால் படம் எளிதில் தோன்றுகிறது. விடை சொல்லப்படாததால் மனம் அதைப் பற்றியே சுற்றிச் சுற்றி வருகிறது.

எழுத்தாளர் சுஜாதா இயற்பியல் பட்டமும் பொறியியல் பட்டமும் பெற்றவர். 1981-இல் குமுதத்தில் தொடராக வந்த அவருடைய 'கொலையுதிர் காலம்' ஆவியா, அறிவியலா என்ற வினாவையே கருவாகக் கொண்டது. ஹோலோகிராம் எனப்படும் முப்பரிமாண ஒளிப்படம் பற்றிய விளக்கமும் அதில் வருகிறது. விளக்கம் அறிவுக்கு நிறைவளிக்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வாரங்களில் வாசகருக்கு வியர்த்த வியர்வையை எந்த விளக்கமும் திரும்பப் பெற முடியாது!

சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜன் (1958–2024) இந்தத் துறையில் தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றவர். அவருடைய கதையை ஒட்டி 1990-களின் பிற்பகுதியில் தொலைக்காட்சியில் வந்த 'விடாது கருப்பு' தொடரைக் கண்டு அஞ்சியவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். கிராமம், காவல் தெய்வம், இரவில் கேட்கும் குதிரைக் குளம்பொலி என்று அவர் எடுத்தாண்ட பொருள்கள் யாவும் நம் ஊர் எல்லைகளில் முன்பே இருப்பவை. ஐரோப்பியக் கோட்டையில் உலாவும் பேயைவிட, நம் ஊர்ப் புளியமரத்துப் பேய் நமக்கு அதிக அச்சம் தருவதற்கு இதுவே காரணம். புளியமரத்தின் படம் நம் நினைவில் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது.

இன்னோர் உத்தியும் உண்டு. 'அவன் இதயம் படபடத்தது, உள்ளங்கை சில்லிட்டது' என்று கதாபாத்திரத்தின் உடம்பை வருணிப்பார்கள். பீட்டர் லாங் என்ற அமெரிக்க உளவியலார் 1970-களில் செய்த ஆய்வுகள் இதன் பயனை விளக்குகின்றன. அச்சமூட்டும் பொருளை மட்டும் வருணிக்கும் பகுதியைவிட, உடம்பின் எதிர்வினையையும் சேர்த்து வருணிக்கும் பகுதி, அதற்குப் பயிற்சி பெற்றவர்களின் உடம்பில் கூடுதலான மாறுதலை உண்டாக்கிற்று. செயிற்றியம் சொன்ன இலக்கணம் நினைவுக்கு வருகிறதல்லவா?

இரவும் துணைக்கு வருகிறது

பகலில் படித்தால் சிரிப்பு வரும் கதை, இரவில் படித்தால் நடுக்கம் தருகிறது. இதில் இயற்பியலுக்கும் பங்குண்டு.

வெயிலில் சூடேறிய இரும்புத் தகட்டுக் கூரை இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. 6 மீட்டர் நீளமுள்ள தகடு 20 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் சுருங்கும். ஆணி பிடித்திருப்பதால் சீராகச் சுருங்க இயலாமல், இழுவை மிகுந்ததும் சட்டென்று நழுவும். 'டக்' என்று ஓர் ஓசை எழும். கூரைமேல் யாரோ கால் வைத்ததுபோல் இருக்கும்.

அடுத்தது ஒலி செல்லும் பாதை. பகலில் தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி அலைகள் மேல்நோக்கி வளைந்து போய்விடுகின்றன. மேகமற்ற இரவில் தரை விரைவாகக் குளிர்கிறது. மேலுள்ள காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கிறது. வெப்பக் காற்றில் ஒலிக்கு வேகம் அதிகம். ஆதலால் அலைகள் தரையை நோக்கி வளைகின்றன. சேலம்–விருத்தாசலம் பாதையில் வெகு தொலைவில் போகும் ரயிலின் ஊதல் இரவில் பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் தோன்றுவது இதனால்தான். எங்கோ குரைக்கும் நாயும் அப்படியே.

மூன்றாவது நம் கண். விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் இல்லை. இருட்டில் ஓரக்கண்ணில் ஏதோ அசைவது போலிருக்கும். நேராகத் திரும்பிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 'பார்த்தேன், உடனே மறைந்துவிட்டது' என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! கதையால் ஏற்கெனவே விழித்துக்கொண்ட மூளைக்கு இந்த மூன்று குறிப்புகளும் போதும். மீதியை அது தானே நிரப்பிக்கொள்ளும்.

பிறகு ஏன் ஓடுவதில்லை?

உடம்பு அஞ்சுவது உண்மை என்று கண்டோம். அப்படியானால் வால்டன் கேட்ட கேள்வி? ஏன் நாம் எழுந்து ஓடுவதில்லை?

ஆபத்துக் குறிப்பு மூளையில் இரு வழிகளில் செல்வதாக அமெரிக்க நரம்பியலார் ஜோசப் லெடூ தம் ஆய்வுகளின் அடிப்படையில் விளக்கினார். ஒன்று குறுக்கு வழி; புலன் செய்தி பெருமூளைப் புறணியைச் சுற்றாமல் அமிக்டலாவை அடைகிறது. விரைவு அதிகம், தெளிவு குறைவு. மற்றது புறணி வழியே செல்லும் நீண்ட வழி. சற்றுத் தாமதமானாலும், 'இது பாம்பன்று, கயிறு' என்று ஆராய்ந்து சொல்லக்கூடியது. கதை படிக்கும்போது சொற்களைப் பொருளாக்கும் வேலையே புறணியில்தான் நடக்கிறது. படத்தை எழுப்புவதும் அதுதான். 'இது கதை' என்ற நினைவை விடாமல் வைத்திருப்பதும் அதுதான். சுரப்பிகள் அந்தப் படத்துக்கு இசைகின்றன. கால்களோ அந்த நினைவுக்குக் கட்டுப்படுகின்றன. ஆகவே கை வியர்க்கிறது, கால் அசைவதில்லை.

'எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது' என்று சொல்பவரை நாம் கேலி செய்கிறோம். அவர் சொல்வதில் முரண்பாடு ஏதுமில்லை என்பது இப்போது விளங்கும். நம்பிக்கை ஒரு சங்கதி. மனப்படத்துக்கு உடம்பு காட்டும் இசைவு வேறொரு சங்கதி. அந்த ஈரத்தைப் பார்த்தால், கதை தரும் அச்சத்தைப் பொய்யென்று தள்ள முடியாது. அது உண்மையான அச்சமே. பெரும்பாலும் அளவில் சிறியது. செயலில் இறங்காதபடி ஒரு சுவிட்சு அதைத் தடுத்து வைத்திருக்கிறது.

நீங்களே சோதிக்கலாம்

பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் மின்கலத்தால் இயங்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கும். அதை 2000 கிலோ ஓம் அளவில் வையுங்கள். இடக்கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியருகே ஒவ்வோர் உலோகத் துண்டை ஒட்டு நாடாவால் பொருத்தி, கம்பிகளை இணையுங்கள். ஐந்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருங்கள். நண்பர் ஒருவர் முதலில் பயிர்ச் சாகுபடி பற்றிய செய்தி ஒன்றைப் படிக்கட்டும். பிறகு அதே குரலில் திகில் கதை ஒன்றைப் படிக்கட்டும். 15 விநாடிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

உலோகத் துண்டுகளின் மேற்பரப்பில் நிகழும் மின்வேதி மாற்றத்தால் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டா. திடீர் இறக்கங்களை மட்டும் கவனியுங்கள். ஆழ்ந்து மூச்சிழுத்தாலும், கை அசைந்தாலும், யாராவது கை தட்டினாலும் அளவு மாறும். அந்த நேரங்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றி, கதையை முதலில் வைத்தும் செய்து பாருங்கள். வீட்டு மின் இணைப்பில் இயங்கும் எந்தக் கருவியையும் உடம்பில் பொருத்தக் கூடாது. இதய நோயாளிகளையும் சிறு குழந்தைகளையும் இதில் சேர்க்க வேண்டா.

அட்டை இல்லாத கதை

நம்மைக் காப்பது 'இது கதை' என்ற அந்தச் சுவிட்சு என்று சொன்னேன். புத்தகத்தின் அட்டையும், ஆசிரியர் பெயரும், 'தொடரும்' என்ற சொல்லும் அந்தச் சுவிட்சை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. அட்டையைக் கிழித்துவிட்டு, அதே கதையைச் செய்தி என்று கொடுத்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை தேட ஆய்வகம் வேண்டியதில்லை. 2018-ஆம் ஆண்டில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி கைப்பேசிகள் வழியே தமிழ்நாட்டில் பரவியது. அதில் திகில் கதைக்குரிய எல்லாம் இருந்தன. இரவு, அறியாத முகம், குழந்தை, நம் ஊரின் பெயர். அவ்வாண்டு மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தை வழிபடக் குடும்பத்தாருடன் சென்னையிலிருந்து வந்த ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊரார் அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றுவிட்டார்கள். உடன் வந்தவர்களும் படுகாயமுற்றனர்.

அந்த ஊர் மக்கள் கொடியவர்களாகப் பிறந்தவர்கள் அல்லர். உங்களுக்கும் எனக்கும் பேய்க்கதை படிக்கும்போது வேலை செய்யும் அதே அமிக்டலா, அதே அட்ரினலின்தான் அவர்களிடமும் வேலை செய்தன. அவர்கள் மனத்திலும் ஒரு படம் எழுந்தது. 'இது கதை' என்று சொல்ல அட்டை இல்லை. ஆகவே வியர்வையோடு நிற்கவில்லை. கையும் காலும் செயலில் இறங்கிவிட்டன.

பேய்க்கதை படிக்கும் பிள்ளைகளைக் கண்டு பெற்றோர்கள் கவலைப்படுவது உண்டு. கதையையும் நடப்பையும் பிரித்தறியாத சிறு குழந்தைகளுக்கு அத்தகைய கதைகளைத் தவிர்ப்பது நல்லதே. உறக்கம் கெடுமானால் பெரியவர்களும் புத்தகத்தைப் பகலுக்கு ஒத்திப் போடலாம். மற்றபடி அட்டை போட்டு, 'கதை' என்று அறிவித்து வரும் பேயால் ஓரிரவு தாகத்தை அடக்கிக்கொள்வதைத் தவிரப் பெரிய தீங்கு இல்லை. கவனமாக இருக்க வேண்டியது அட்டையில்லாமல் வரும் கதைகளிடம். கைப்பேசியில் ஒரு செய்தியைப் படித்ததும் உங்கள் உள்ளங்கை வியர்க்குமானால், அந்த ஈரம் செய்தி உண்மை என்பதற்குச் சான்றாகாது. உங்கள் மனத்தில் ஒரு படம் எழுந்துவிட்டது என்பதற்கு மட்டுமே சான்று. இதை எழுதியவர் யார், எந்த ஊரில், எந்த நாளில் நடந்தது, நேரில் பார்த்தவர் யார் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.